மழையோடு இறங்கிய ஈயம்: ஏரி வண்டலின் கதிரியக்கத்தை அளப்பது எப்படி?

ஏரியின் அடியிலிருந்து ஒரு கிலோ வண்டலை அள்ளிக் காயவைத்துப் பொடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சாதாரண மண். ஆனால் அதற்குள் ஒவ்வொரு விநாடியும் பல நூறு அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. எந்தத் தொழிற்சாலையும் அதில் எதையும் கலக்கவில்லை. பூமி உருவான காலந்தொட்டுப் பாறைகளில் இருந்துவரும் தனிமங்கள்தான் இப்படிச் சிதைகின்றன.

கதிரியக்கம் என்றதும் அணுகுண்டும் அணு உலையும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் நம் உடம்பிலேயே, உணவோடு சேர்ந்த பொட்டாசியத்தால் மட்டும், விநாடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் சிதைகின்றன. இயற்கைக் கதிரியக்கம் இல்லாத மண்ணும் இல்லை, மனிதரும் இல்லை. ஆகவே ஏரி வண்டலில் கதிரியக்கம் இருக்கிறதா என்று யாரும் ஆராய்வதில்லை. எந்தத் தனிமத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. அதற்குத் துல்லியமான விடை கிடைத்துவிட்டால் அந்த ஏரியின் கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை ஆண்டுக் கணக்கோடு எழுதிவிடலாம்.

பாறையிலிருந்து சேற்றுக்கு

மண்ணின் இயற்கைக் கதிரியக்கத்துக்கு முக்கியமான மூலங்கள் மூன்று: யுரேனியம்-238, தோரியம்-232, பொட்டாசியம்-40. கையிலிருக்கும் அணுக்களில் பாதி சிதைந்து தீர ஆகும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். யுரேனியம்-238இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள். தோரியம்-232க்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். பொட்டாசியம்-40க்கு 125 கோடி ஆண்டுகள். இவ்வளவு மெதுவாகக் கரைவதால்தான் இவை இன்னும் தீர்ந்துபோகாமல் இருக்கின்றன.

வெயிலிலும் மழையிலும் பாறை நொறுங்கி மண்ணாகிறது. அந்த மண்ணை ஓடைகள் அரித்துக்கொண்டுவந்து ஏரியில் சேர்க்கின்றன. கிரானைட் பாறைகள் நிறைந்த நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வரும் வண்டலில் இம்மூன்றும் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். சுண்ணாம்புப் பாறைப் பகுதியிலிருந்து வந்தால் குறைவாக இருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் மிகுந்திருப்பதும் இதே காரணத்தால்தான். பாறையிலிருந்து பிரிந்த மோனசைட் என்னும் கனமான கனிமத்தை அலைகள் கரையில் ஒதுக்கிச் சேர்த்துவைத்திருக்கின்றன.

சிதைவை அளக்கும் அலகு பெக்கரல். விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல். கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு 2000ஆம் ஆண்டு அறிக்கையில் உலக மண்ணின் இடைநிலை அளவுகளைத் தொகுத்துத் தந்தது. கிலோவுக்கு யுரேனியம்-238 சுமார் 35 பெக்கரல், தோரியம்-232 சுமார் 30, பொட்டாசியம்-40 சுமார் 400. எந்த ஏரியின் வண்டலை அளந்தாலும் ஆய்வாளர்கள் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த மூன்று எண்களோடுதான்.

மழை கொண்டுவரும் பங்கு

யுரேனியம்-238 ஒரே தாவலில் ஈயமாகிவிடுவதில்லை. 14 சிதைவுகளைக் கடந்துதான் நிலையான ஈயம்-206இல் போய் நிற்கிறது. வழியில் 1,600 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ரேடியம்-226 வருகிறது. ரேடியம் சிதைந்தால் ரேடான்-222 பிறக்கிறது. இந்த வரிசையில் எல்லாம் திண்மங்கள். ரேடான் மட்டும் வாயு. அதன் அரை ஆயுள் 3.8 நாள். அந்தக் குறுகிய காலத்துக்குள் அதில் ஒரு பகுதி மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறிக் காற்றில் கலந்துவிடுகிறது. அங்கே சிதைந்து மறுபடியும் திண்மத் தனிமங்களாகி, காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொள்கிறது. மழை அந்தத் தூசியைக் கழுவி இறக்குகிறது.

மழைநீருக்குக் கதிரியக்கம் உண்டு என்பதை ஸ்காட்லாந்து இயற்பியலர் சி.டி.ஆர். வில்சன் 1902இலேயே காட்டினார். பிற்பாடு முகில் அறைக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர். அப்போதுதான் பெய்த மழைநீரைப் பிடித்து வற்றக் காய்ச்சி, பாத்திரத்தில் தங்கியதை அளந்தார். கதிரியக்கம் இருந்தது, அரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்தும் போனது. அது ரேடானின் குறுகிய ஆயுள் வழித்தோன்றல்களின் வேலை. அவை போனபின் எஞ்சுவதுதான் நம் கதையின் நாயகன்: ஈயம்-210. அதன் அரை ஆயுள் 22.3 ஆண்டுகள். மனித வாழ்நாளோடு ஒப்பிடத்தக்க காலம் என்பதால், அண்மை வரலாற்றை அளக்க இதைவிடப் பொருத்தமான அணு கிடைப்பது அரிது.

ஏரியில் விழுந்த ஈயம்-210 நீரில் அதிக நாள் கரைந்திருப்பதில்லை. களிமண் துகளிலும் மக்கிய இலைதழைத் துகளிலும் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. அடுத்த ஆண்டுப் படிவு அதன்மேல் மூடுகிறது. மூடப்பட்டதற்குப் புது வரவு கிடையாது. அந்தக் கணத்திலிருந்து அது 22.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வண்டலுக்குள்ளேயே இருக்கும் ரேடியமும் இடைவிடாமல் ஈயம்-210ஐ உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. மாதாமாதம் சம்பளம் வரும் ஒரு வீட்டில், மூதாதையர் விட்டுப்போன ஒரு தொகையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் மாறாது, விட்டுப்போன தொகைதான் ஆண்டுக்கு ஆண்டு கரையும். மண்ணின் ரேடியம் தருவது சம்பளம். வானத்திலிருந்து இறங்கியது அந்தத் தொகை. காலம் சொல்வது இரண்டாவது மட்டுமே. அதை மிகை ஈயம் என்கிறார்கள். மொத்த ஈயம்-210இலிருந்து ரேடியம்-226ஐக் கழித்தால் மிகை ஈயம் கிடைத்துவிடும்.

பனிப்பாறைகளின் வயதறிய ஈயம்-210ஐப் பயன்படுத்தலாம் என்று 1963இல் எடுத்துக்காட்டியவர் அமெரிக்கப் புவிவேதியியலர் எட்வர்ட் கோல்ட்பெர்க். அதை ஏரி வண்டலுக்குக் கொண்டுவந்த 1971ஆம் ஆண்டின் அடிப்படைக் கட்டுரையை எழுதிய நால்வரில் இருவர் இந்தியர்: எஸ். கிருஷ்ணசுவாமி, தேவேந்திர லால். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அவர்கள் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை எழுதினார்கள். உலகெங்கும் ஏரி ஆய்வுக்கூடங்களில் இன்று அன்றாடம் நடக்கும் ஒரு வேலையின் தொடக்கத்தில் இந்திய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள் என்பது நாம் பெருமையோடு சொல்லவேண்டிய செய்தி.

படகில் தொடங்கும் வேலை

வண்டலை வாரி எடுத்தால் போதாது. அடுக்குக் குலையாமல் எடுக்கவேண்டும். ஏரியின் ஆழமான, அலை கலக்காத இடத்துக்குப் படகில் போய், எடை கட்டிய ஒளி ஊடுருவும் குழாயைக் கயிற்றில் மெல்ல இறக்குவார்கள். தன் எடையாலேயே குழாய் சேற்றுக்குள் இறங்கும். மேல்முனை மூடிக்கொண்டதும் உள்ளே வெற்றிடம் பிடித்துக்கொள்வதால், மேலே இழுக்கும்போது சேறு நழுவாது. வெளியே வரும் குழாயில் கீழே இறுகிய வண்டல், அதன்மேல் குழைந்த சேறு, அதற்கும் மேல் ஒரு சாண் அளவுக்குத் தெளிந்த ஏரி நீர். அந்த நீர் கலங்காமல் நின்றால்தான் மேலடுக்கு பத்திரமாக வந்திருக்கிறது என்று பொருள். கலங்கியிருந்தால் கொட்டிவிட்டு மறுபடியும் குழாயை இறக்கவேண்டியதுதான்.

பிறகு அடியிலிருந்து தண்டால் தள்ளி, மேலே எழும் சேற்றை அரை சென்டிமீட்டர் அல்லது ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு வில்லையையும் ஈரத்தோடு எடைபோட்டு, காயவைத்து மறுபடியும் எடைபோடுகிறார்கள். இந்த இரட்டை எடை ஏன்? மேலே இருக்கும் சேற்றில் பெரும்பங்கு தண்ணீர். கீழே போகப்போக மேற்சுமையால் அது இறுகிவிடும். மேலே ஒரு சென்டிமீட்டர் சேர எடுத்த காலமும் கீழே ஒரு சென்டிமீட்டர் சேர எடுத்த காலமும் ஒன்றாக இரா. ஆகவே ஆழத்தை சென்டிமீட்டரில் கணக்கிடாமல், ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் எத்தனை கிராம் உலர்ந்த மண் கிடக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

உலர்ந்த மண்ணைப் பொடித்துச் சலித்து, சிறு குப்பியில் அடைத்து, காற்றுப் புகாமல் முத்திரையிடுகிறார்கள். அடுத்த வேலை காத்திருப்பது. மூன்று முதல் நான்கு வாரம் குப்பியைத் தொடமாட்டார்கள். ரேடியத்தைக் காமாக் கதிர் வழியாக அளக்கும்போது ரேடானுக்குப் பின்னால் வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியவற்றின் கதிர்களைத்தான் எண்ணுகிறார்கள். அரைக்கும்போதும் சலிக்கும்போதும் ரேடான் தப்பிப் போயிருக்கும். குப்பிக்குள் அது மீண்டும் நிறைந்து, ரேடியத்தோடு சமநிலைக்கு வர ஏழு அரை ஆயுள், அதாவது சுமார் 27 நாள் வேண்டும். அவசரப்பட்டால் ரேடியம் குறைவாகத் தெரியும், கழித்தல் பிசகும், வயதும் பிசகும்.

ஜெர்மானியப் படிகம்

காமாக் கதிர் விடும் ஒவ்வொரு வகைக் கதிரியக்க அணுவும் தனக்கே உரிய ஆற்றலோடு அதை விடுகிறது. பொட்டாசியம்-40க்கு 1,461 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். பிஸ்மத்-214க்கு 609. தோரியம் வரிசையில் ஆக்டினியம்-228க்கு 911, தாலியம்-208க்கு 2,614. ஈயம்-210க்கு வெறும் 46.5. இந்த ஆற்றல்களைத் தனித்தனியே பிரித்தறிய ஜெர்மானியம் என்னும் தனிமத்தின் மிகத் தூய படிகத்தைப் பயன்படுத்துகிறார்கள். 609 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் ஒன்று படிகத்துக்குள் முழுவதுமாக அடங்கினால், ஏறத்தாழ இரண்டு லட்சம் எலெக்ட்ரான்கள் இடம்பெயர்கின்றன. அந்த மின்துடிப்பின் அளவைக் கொண்டே வந்த கதிரின் ஆற்றலைச் சொல்லிவிடலாம்.

அறை வெப்பத்தில் ஜெர்மானியத்தின் எலெக்ட்ரான்கள் தாமாகவே துள்ளும். கதிரின் துடிப்பு அந்த இரைச்சலில் காணாமல் போய்விடும். அதனால் படிகத்தைத் திரவ நைட்ரஜனாலோ மின்குளிர்விப்பானாலோ குளிர்விக்கிறார்கள். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். சுற்றிலும் பத்து சென்டிமீட்டர் கனத்தில் ஈயக் கட்டிகளை அடுக்கி, அறைச் சுவரிலிருந்து வரும் கதிர்களைத் தடுக்கிறார்கள். இங்கும் ஈயம்-210 குறுக்கே வருகிறது. புதிதாக உருக்கிய ஈயத்திலேயே அது கொஞ்சம் கலந்திருக்கும். காவலுக்கு வைத்த சுவரே கதிர்விடும். ஆகவே பழைய ஈயத்துக்கு மதிப்பு அதிகம். சார்டீனியா தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலில் கிடைத்த, இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஈயக் கட்டிகளை இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வுக்கூடம் அரிய இயற்பியல் சோதனை ஒன்றுக்குக் கவசமாக வாங்கிக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

எண்ணிக்கை எவ்வளவு மெதுவாக வரும் என்று பாருங்கள். கிலோவுக்கு 100 பெக்கரல் ஈயம்-210 உள்ள வண்டலில் 5 கிராம் எடுத்தால், இரண்டு விநாடிக்கு ஓர் அணு சிதையும். நூறு சிதைவில் நான்கில் மட்டுமே 46.5 கதிர் வெளிவரும். ஒரு முழு நாளில் வெளிவருவது சுமார் 1,800 கதிர்கள். அவற்றிலும் ஒரு பகுதி மண்ணிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஒரு பகுதி படிகத்தில் படாமல் தப்பிவிடும். நூறு எண்ணினால் பிழை பத்து விழுக்காடு. பத்தாயிரம் எண்ணினால் ஒரு விழுக்காடு. அதனால்தான் ஒரு குப்பியை ஒரு நாள் முதல் பல நாட்கள் வரை கருவியில் வைத்திருக்கிறார்கள். படிகத்தின் நடுவே குழிவிட்டு, குப்பியை அந்தக் குழிக்குள்ளேயே இறக்கும் கிணற்றுவடிவ உணரிகளும் உண்டு. கொஞ்சம் மண்ணே கிடைக்கும் ஏரி ஆய்வுக்கு அவை மிகப் பொருத்தமானவை.

நேர்மை இல்லாமல் இந்த அளவீடு இல்லை. ரேடியம் நேரடியாக விடும் 186 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர் எளிதில் கண்ணில் படும். ஆனால் யுரேனியம்-235உம் ஏறத்தாழ அதே ஆற்றலில் கதிர்விடுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், வரைபடத்தில் அங்கே எழும் முகட்டை அப்படியே ரேடியமாகக் கணக்கிட்டால் எண் ஊதிப்போகும். நல்ல ஆய்வாளர் ஈயம்-214ஐயும் பிஸ்மத்-214ஐயும் தனித்தனியே அளந்து, இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என்று பார்ப்பார். அளவு தெரிந்த தரப்படுத்திய மாதிரிகளை வைத்துத் தன் கருவியையும் அவ்வப்போது சோதித்துக்கொள்வார்.

எண்ணிலிருந்து ஆண்டு

ஒரு கற்பனைக் கணக்கு. மேல்வில்லையில் மொத்த ஈயம்-210 கிலோவுக்கு 130 பெக்கரல், ரேடியம் 30, மிகை 100. பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் மொத்தம் 55, ரேடியம் அதே 30, மிகை 25. நூறு இருபத்தைந்தாகியிருக்கிறது, இரண்டு அரை ஆயுள் கடந்துவிட்டது. அப்படியானால் அந்த வில்லை படிந்து ஏறக்குறைய 45 ஆண்டு ஆகிறது. ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வண்டல் சேர்ந்திருக்கிறது.

உண்மையான ஏரிகளில் வண்டல் சேரும் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். காடு அழிந்தால் கூடும்; மேலே அணை வந்தால் குறையும். வேகம் மாறினாலும் மழை கொண்டுவரும் ஈயத்தின் வரவு மாறாது என்று கொண்டு வயதைக் கணிக்கும் முறையை இங்கிலாந்தைச் சேர்ந்த ஆப்பிள்பியும் ஓல்ட்ஃபீல்டும் 1978இல் வெளியிட்டனர். இன்றும் அதிகம் புழங்குவது அந்த முறைதான். ஆறேழு அரை ஆயுளுக்குப் பின் மிகை ஈயம் அளக்க முடியாத அளவுக்குத் தேய்ந்துவிடும். ஆகவே எல்லை நூறு முதல் நூற்றைம்பது ஆண்டு.

கணிப்பைச் சரிபார்க்க ஒரு சாட்சி உண்டு. அது செயற்கையானது: சீசியம்-137. வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளின் படிவு வடகோளத்தில் 1963இல் உச்சம் தொட்டது. ஐரோப்பிய ஏரிகள் பலவற்றில் 1986 செர்னோபில் விபத்தும் இன்னொரு முகட்டை விட்டுச்சென்றது. ஈயம் சொல்லும் 1963ஆம் ஆண்டு அடுக்கிலேயே சீசியம் முகடும் இருந்தால் கணக்கை நம்பலாம்.

இரண்டு ஸ்காட்லாந்து ஏரிகள்

இந்த அளவீடு ஒரு பொதுவாழ்வுச் சர்ச்சைக்கு எப்படி விடை தந்தது என்பதற்குத் தென்மேற்கு ஸ்காட்லாந்தின் காலோவே மலைப்பகுதி நல்ல சான்று. கிரானைட் பாறைமேல் கிடக்கும் அங்குள்ள ஏரிகள் அமிலமாகியிருந்தன. நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களின் கந்தகப் புகையால் வந்த அமில மழைதான் காரணம் என்றனர் ஒரு சாரார். மலைச்சரிவில் ஊசியிலை மரங்கள் நட்டதால் மண் அமிலமானது என்றனர் மற்றொரு சாரார். இயற்கையாகவே பல்லாயிரம் ஆண்டுகளாக மெல்ல நடப்பதுதான் என்றும் சொல்லப்பட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ரோஜர் ஃபிளவரும் ரிச்சர்ட் பேட்டர்பியும் அங்கே ரவுண்ட் லாக் ஆஃப் கிளென்ஹெட், லாக் கிரானாக் என்னும் இரு ஏரிகளின் வண்டலைக் குழாயில் எடுத்தனர். டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் வண்டலில் அழியாமல் கிடக்கும். எந்த இனம் எவ்வளவு அமிலத்தில் வாழும் என்பது தெரிந்ததே. எனவே அடுக்கடுக்காக இனங்களை எண்ணினால் அந்தந்தக் கால நீரின் அமிலத்தன்மை தெரிந்துவிடும். எந்தக் காலம் என்பதை ஈயம்-210 சொன்னது. 1983இல் முடிவுகள் வெளியாயின. மரநடவே நடக்காத ரவுண்ட் லாக் ஏரி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமிலமாகத் தொடங்கியிருந்தது. லாக் கிரானாக்கில் அமிலமாதல் 1920களில் தொடங்கிவிட்டது. அங்கே காடு வளர்த்தது அதற்குப் பிறகுதான். மரங்களின்மேல் சுமத்திய பழி நிற்கவில்லை. தொழிற்சாலைகள் பெருகிய காலத்தோடு அமிலமாதல் பொருந்தி நின்றது. ஆண்டுக் கணக்கு மட்டும் இல்லாதிருந்தால் இரு தரப்பும் இன்னும் நெடுநாள் வாதாடிக்கொண்டிருக்கும்.

செங்கலுக்குப் போகும் வண்டல்

இயற்கைக் கதிரியக்கத்தை அளப்பதற்கு நேரடிப் பாதுகாப்புப் பயனும் உண்டு. வாரிய வண்டல் செங்கலுக்கும் நிலம் நிரப்பவும் போகிறது. அதற்கு ரேடியம் சமானம் என்றொரு கணக்கு இருக்கிறது: ரேடியம் அளவோடு, தோரியத்தை 1.43ஆல் பெருக்கியும் பொட்டாசியத்தை 0.077ஆல் பெருக்கியும் கூட்டவேண்டும். கூட்டுத்தொகை கிலோவுக்கு 370 பெக்கரலுக்குள் இருந்தால் கட்டடப் பொருளாகப் பயன்படுத்தலாம் என்பது வழக்கிலுள்ள அளவுகோல். உலக இடைநிலை மண்ணுக்கு இது ஏறத்தாழ 109தான் வரும். கதிரியக்கம் இருக்கிறது என்ற ஒற்றை வரியைச் செய்தியில் கண்டு அஞ்சுவதற்கு முன், எவ்வளவு என்று கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

நம் ஏரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

கோடையில் வற்றிப் பாளம் பாளமாக வெடித்து, மாடுகள் மிதித்து, வண்டல் வாரப்படும் நம் கண்மாய்களில் அடுக்குகள் கலந்துவிடும். அங்கே ஈயம்-210 வைத்து வயது சொல்வது கடினம். ஆனால் வேறொன்று சொல்லலாம். மழையில் இறங்கும் ஈயம் வயல்களின் மேல்மண்ணில்தான் தங்குகிறது. ஓடைக்கரை இடிந்து விழும் அடிமண்ணில் அது மிகக் குறைவு. ஆகவே கண்மாயைத் தூர்க்கும் மண் வயலின் வளமான மேல்மண்ணா, கரையரிப்பா என்று பிரித்தறிய இதே அளவீடு உதவும். எங்கே தடுப்பணை போடுவது, எங்கே வரப்பை உயர்த்துவது என்று முடிவெடுக்க அது வழிகாட்டும்.

ஆண்டு முழுதும் நீர் நிற்கும் மலை ஏரிகளின் நிலை வேறு. பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரி ஜான் சல்லிவன் 1824இல் வெட்டுவித்த உதகை ஏரியும், 1863இல் மற்றோர் அதிகாரியான லெவிஞ்ச் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியும் பிறந்த ஆண்டு தெரிந்தவை. அவற்றில் கலைக்கப்படாத வண்டல் எங்கேனும் எஞ்சியிருந்தால், அதற்கடியில் ஏரி வருவதற்கு முந்தைய நிலமும் இருக்கும். மலைகளில் தேயிலையும் தைலமரமும் வந்தது, நகரம் பெருகியது, கழிவு கலந்தது எல்லாம் அங்கே அடுக்கடுக்காகப் பதிந்திருக்க வாய்ப்புண்டு. அவற்றை அளக்கும் காமா நிறமாலைக் கருவிகள் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் இருக்கின்றன.

ஏரியைத் தூர்வாருவது தேவையான பணி. அதை நிறுத்தச் சொல்லவில்லை. இயந்திரம் இறங்குவதற்கு முந்தைய நாள், ஆழமான ஓரிடத்தில் ஒரே ஒரு குழாய் வண்டலை எடுத்து, வில்லைபோட்டுக் காயவைத்து, அருகிலுள்ள கல்லூரியில் பத்திரப்படுத்துங்கள். அதற்காகும் செலவு தூர்வாரும் செலவில் ஒரு துளியும் வராது. வாரிக் கொட்டிவிட்டால் அந்த நூற்றைம்பது ஆண்டுப் பதிவை மறுபடியும் பெற வழியே இல்லை.